பின்னால் நின்ற சிவப்பு நட்சத்திரம்

உடுவில்,
17.10.1993

அன்பு மகள் ஐரிசுக்கு, ஆண்டவர் தயவில் அப்பா எழுதுவது.

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் நோ குறைந்திருக்கிறது. கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் விற்கிற விலையில் பொழுதுபட்டதும் படுத்துவிடுகிறோம்.

உன் கடிதம் செஞ்சிலுவைக் கப்பலில் வந்து, போன கிழமைதான் கிடைத்தது. வயதாகி, மேலோட்டை இழந்து நீலமாக எரியும் அந்த நட்சத்திரத்துக்கு, நீ முதலில் எழுதியதுபோல், கூடச் சுற்றும் துணை நட்சத்திரம் இல்லையாம். அதன் வெளிச்சத்தில் கூடுதலாகத் தெரிந்த சிவப்பு, வெகுதூரம் பின்னால் நிற்கும் வேறொன்றினுடையதாம். இரண்டும் சேர்ந்து நகரவில்லை என்று நீயே அளந்து கண்டிருக்கிறாய். ஒருவர் முகத்திலும் முழிக்க முடியவில்லை, படிப்பை விடப்போகிறேன் என்றும் எழுதியிருக்கிறாய்.

பிள்ளை, முழிக்க முடியாதவன் நான். இன்னும் சரிபார்க்க வேண்டும், ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று முதற் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். எனக்கு வாய் நின்றால்தானே! கோயிலில் அறுப்பின் பண்டிகையன்று, மகள் கண்டுபிடித்த துணை நட்சத்திரத்துக்காக என்று அறிவித்து, கதலி வாழைக்குலையொன்றைக் காணிக்கை வைத்தேன். காணிக்கைகளை ஏலம் கூறியவர் நட்சத்திரக் குலை, நட்சத்திரக் குலை என்று கூவ, எனக்குத் தலைகால் தெரியவில்லை. தேவராஜா மாஸ்டர் எடுத்தார். லண்டனிலுள்ள அவர் மகன் மூலம் கதை பரவி, அங்குள்ள நம்மவர்கள் உன்னைக் கூப்பிட்டு மாலை போட்டார்கள் என்று வாசித்தபோது கூனிக் குறுகிப் போனேன்.

ஞாயிறு ஆராதனை முடிவில் உண்மையைச் சொல்ல எழும்பினேன். இருமிவிட்டுத் திரும்ப உட்கார்ந்துவிட்டேன். அப்போது பெண்கள் பக்கத்தில் உன் அம்மா எழும்பினாள். கூட்டத்தில் வாய் திறக்காத பியாட்றிஸ்! எங்கடை பிள்ளை பிழை விட்டிட்டாள், அந்தப் பிழையைப் பிடிச்சதும் அவள்தான், வேறை ஒருத்தருமில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. வாசலில் தேவராஜா மாஸ்டர் மட்டும், குலையைத் திருப்பித் தரேலாது டானியல், சாப்பிட்டாச்சு என்றார். நான் நிலத்தைப் பார்த்தபடியே வீடு வந்தேன்.

ஐரிஸ், என் வெட்கத்தை நீ சுமக்காதே. பேராசிரியரிடம் போய், அதைப்போன்ற மிச்ச நட்சத்திரங்களையும் பார்க்கிறேன் என்று சொல். துணை இருந்தால் இருக்கிறதென்று எழுது. இல்லையென்றால் இல்லையென்று எழுது. அதையும் கோயிலில் எழும்பி நானே சொல்வேன். சொல்லி முடிக்கும்வரை நிற்பேன்.

ஆண்டவர் உன் கண்களைக் காப்பாராக.

உன் அப்பா,
டானியல்