அலமாரி மேல் ஜப்பான் கிட்டார்

திண்டுக்கல்,
9.6.2024

அன்புள்ள உங்களுக்கு,

இங்கு நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். எந்த ஊரில் என்பதுதான் எனக்குத் தெரிவதில்லை. போன மாதம் கோயம்புத்தூர் விலாசத்துக்குப் போட்ட கடிதம் திரும்பி வந்துவிட்டது. இந்த ஓசூர் விலாசத்திலாவது, இது வந்து சேரும் வரை இருங்கள். போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே சண்டை வருகிறது, இனிமேல் கடிதம் எழுது என்று சொன்னவர் நீங்கள்தான். அதனால்தான் ஜாக்கெட் தைக்கிற மிஷின் மேலேயே தாளை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பேகம்பூரில் மைதீன் பிச்சை அண்ணனின் கடை காலியாகிறது. மைக் செட் கடைக்கு அதைவிட நல்ல இடம் அமையாது. ஆவணி வரைக்கும் வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். "மச்சான் உறுதியா வாராராம்மா?" என்று கேட்டார். வருவார் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே திக்கென்றிருந்தது.

மூன்று வருடமாக நீங்கள் பாடுகிற பாட்டு ஒன்றுதான். அலமாரி மேல் இருக்கும் ஜப்பான் கிட்டாரை விற்றால் கடைக்கு முதல் கிடைக்கும், கடை வைத்தால் ஊரோடு வந்து உட்கார்ந்துவிடுவேன் என்கிறீர்கள். நானும் அதற்குக் காவல் இருக்கிறேன். ஆனால் அது எந்த வகைக் கிட்டார், என்ன விலைக்குப் போகும் என்பது மட்டும் இரண்டு பேருக்குமே தெரியாது. பதினைந்து வருடம் மடியில் வைத்து வாசித்தவருக்கே தெரியாது என்றால் ஊரில் சிரிப்பார்கள். தெரிந்தவர் யாரையாவது கேளுங்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதினால் நானே பார்த்துச் சொல்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். கடைப் புரோட்டாவைக் கொஞ்சம் குறையுங்கள்.

உங்கள்,
அரசி

•

ஓசூர்,
17.6.2024

அன்புள்ள அரசிக்கு,

நல்லவேளை, நான் கிளம்புவதற்குள் உன் கடிதம் என்னைப் பிடித்துவிட்டது. இங்கே கல்யாண மண்டபங்களுக்கு ஸ்பீக்கர் வாடகைக்கு விடும் கம்பெனியில் இருக்கிறேன். பெட்டி தூக்குவதும் ஒயர் சுற்றுவதும்தான் வேலை. முதலாளி சிடுமூஞ்சி. எத்தனை நாள் தாங்குமோ தெரியவில்லை.

ஆனால் ஒரு நல்ல சேதி. போன ஞாயிறு ஒரு மண்டபத்தில் பெங்களூர்க்காரர் ஒருவரைப் பார்த்தேன். பழைய கிட்டார்களைத் தேடி வாங்குகிறவர். நம்முடையதைப் பற்றிச் சொன்னதும் மனுஷன் கையிலிருந்த காபியைக் குடிக்க மறந்துவிட்டார்!

எனக்கே தெரியாதா என்று குத்துகிறாயே, எப்படித் தெரியும்? பாட்டுக் கச்சேரி கருப்பணன் மாஸ்டரிடம் நான் வாங்கும்போதே அதன் தலையில் கம்பெனிப் பெயர் இல்லை. பெயர் இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகள்தான் இருந்தன. உள்ளே எட்டிப் பார்க்கவும் வழியில்லை. உடம்பு முழுக்கக் கூடாக இருக்கும் கிட்டார் அது. திருவிழாவில் கூம்பு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று வாசித்தால் ஊளையிடும். அதனால் முகத்தில், வயலினுக்கு இருப்பது போல் இருக்கும் இரண்டு துளைகளையும் மாஸ்டர் துணி திணித்து அடைத்துவிட்டார். நம் பக்கத்துப் பாட்டுக் கச்சேரிக்காரர்கள் எல்லோரும் செய்கிற வேலைதானே. நானும் அதை எடுக்கவே இல்லை.

நீ இப்போது அந்தத் துணியை மெல்ல உருவு. உள்ளே டார்ச் அடித்துப் பார். காகிதச் சீட்டு ஏதாவது ஒட்டியிருக்கும். பிறகு கிட்டாரைத் திருப்பி, கழுத்து உடம்போடு சேரும் இடத்தைப் பார். அங்கே ஓர் இரும்புத் தகடும் நான்கு திருகாணியும் இருந்தால் சாதாரண ரகம், பெரிய விலை போகாது. திருகாணியே இல்லாமல் பசை போட்டு ஒட்டியிருந்தால் உசந்த ரகமாம். தலையின் பின்பக்கம் எண் இருக்கிறதா என்றும் பார். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பு. நம்பர் கீழே எழுதியிருக்கிறேன்.

குஜிலியம்பாறையில் மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன்,
சேதுபதி

•

திண்டுக்கல்,
26.6.2024

அன்புள்ள உங்களுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் கோபிக்காதீர்கள். நேற்று மதியம் தையலை ஓரம் கட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஹேர்பின்னை வளைத்து இழுத்தேன். மாஸ்டர் எத்தனை திணித்திருக்கிறார்! சின்னாளபட்டிச் சுங்குடித் துண்டுகள், ஒரு கைக்குட்டை, பழைய பனியனில் பாதி. கடைசியாக ஒரு கரப்பான் கூடும் விழுந்தது. வீல் என்று கத்திவிட்டேன்.

டார்ச் அடித்தேன். சீட்டு இருக்கிறது! பழுப்பேறியிருந்தாலும் கிழியவில்லை. ஏதோ ஜப்பான் எழுத்து, அதன் கீழே ஆங்கில எழுத்தும் எண்ணும். கழுத்துக்குப் பின்னால் தடவித் தடவிப் பார்த்தேன், ஒரு திருகாணிகூட இல்லை. வழுவழுவென்று ஒரே மரமாகப் போகிறது.

தலையின் பின்பக்கம் முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஆயுத பூஜைக்கு வருடா வருடம் நாம் அப்பிய சந்தனம் பொருக்குத் தட்டிப் போயிருந்தது. ஈரத் துணியால் ஒற்றி எடுத்ததும் அடியில் ஓர் எழுத்தும் எண்களும் தெரிந்தன. படத்தை அனுப்பிய கொஞ்ச நேரத்தில் பெங்களூர்க்காரரே கூப்பிட்டார். அந்த எழுத்து மாதமாம், அடுத்த இரண்டு எண் வருடமாம். எழுபத்தேழாம் வருடம் ஜூனில் செய்ததாம். "நீங்க நினைக்கறதவிட நல்ல சாமான்ம்மா. விலைய உங்க வீட்டுக்காரர்கிட்டப் பேசிக்கறேன்" என்றார்.

எனக்கு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. மைதீன் பிச்சை அண்ணன் கடை வாசல் வரைக்கும் சும்மா நடந்து போய்விட்டு வந்தேன். இரண்டு ஷட்டர் இருக்கிறது. ஒன்றில் ஸ்பீக்கர் பெட்டிகளை வைக்கலாம். இன்னொன்றில் என் மிஷினைப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?

பேசிவிட்டு உடனே எழுதுங்கள். உடனே!

உங்கள்,
அரசி

•

மங்களூர்,
12.7.2024

அன்புள்ள அரசிக்கு,

விலாசத்தைப் பார்த்து முறைக்காதே. ஓசூர் முதலாளிக்கும் எனக்கும் ஒத்து வரவில்லை. இங்கே ஒரு ஹோட்டலில் சாயங்காலம் வாசிக்க ஆள் கேட்டார்கள், வந்துவிட்டேன். கடன் வாங்கிய கிட்டார்தான். இருந்தாலும் கடல் காற்றில் விரல் தானாக ஓடுகிறது.

பெங்களூர்க்காரர் விலை சொல்லிவிட்டார். கடைக்கு முன்பணம், இரண்டு ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர்கள் எல்லாம் வாங்கலாம். அத்தனை வரும். ஆனால் ஒன்று. அதை யாரும் தொடக்கூடாது. துடைக்கக்கூடாது, பாலிஷ் கூடாது, கம்பிகூட மாற்றக்கூடாது. அந்தப் பழைய வார்னிஷும் கீறலும் அப்படியே இருந்தால்தான் இந்த விலையாம். மாமாவிடமும் சொல்லி வை.

ஆடி பிறக்கப் போகிறது. ஆடியில் நல்ல காரியம் வேண்டாம், ஆவணியில் விற்கலாம். நானும் அப்போதே வரப் பார்க்கிறேன்.

உன்,
சேதுபதி

•

திண்டுக்கல்,
29.7.2024

அன்புள்ள உங்களுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேராகவே எழுதிவிடுகிறேன். கிட்டாருக்குப் பாலிஷ் போட்டாகிவிட்டது.

அப்பா குஜிலியம்பாறையிலிருந்து வந்திருந்தார். நான் அளவு ஜாக்கெட் வாங்க நாகல் நகர் போயிருந்த நேரம், கட்டில் பீரோவுக்குப் பாலிஷ் போடுகிற ஆளைக் கூட்டி வந்து, வாசலிலேயே வேலையை முடித்துவிட்டார். முகம் முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு கை வார்னிஷ். நான் திரும்பி வரும்போது கல்யாண வீட்டு நாற்காலி மாதிரி மின்னிக்கொண்டு வெயிலில் காய்கிறது. அப்பா முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"எதுக்குப்பா தொட்டீங்க?" என்று கத்தினேன்.

"என்னத்தா இப்படிக் கேக்குற? சந்தைக்குப் போற மாட்டக் குளிப்பாட்டி, கொம்பு சீவி, எண்ண தடவாமயா பிடிச்சுட்டுப் போவாக? அழுக்கோட நின்னா எவன் வெல கேப்பான்? மாப்ள ஊரு வந்து சேரணும்னுதானத்தா செஞ்சேன்" என்றார்.

நாற்பது வருடம் மாட்டுத் தரகு பார்த்த மனுஷருக்கு வேறு எப்படித் தோன்றும்? விஷயத்தைச் சொன்னதும் அவர் சாப்பிடவே இல்லை. தட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவரைத் திட்டாதீர்கள். திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள்.

உங்கள் கடிதம் அதற்கு மறுநாள் வந்தது. கடிதத்தில் நீங்கள் போட்ட தேதி பன்னிரண்டு. உறை மேல் மங்களூர் தபால் முத்திரையில் இருபத்து நான்கு. ஒரு போன் செய்து "தொடாதே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? சரி, அதை விடுங்கள். இனி என்ன செய்வது? தூக்கம் பிடிக்கவில்லை. பெங்களூர்க்காரருக்கு நான் உண்மையைச் சொல்லிப் படமும் அனுப்பிவிட்டேன், இன்னும் பதில் இல்லை.

கோபத்தை அடக்க வேண்டாம். எவ்வளவு கோபம் இருந்தாலும் எழுதுங்கள்.

உங்கள்,
அரசி

•

கோவா,
7.8.2024

அன்புள்ள அரசிக்கு,

உன் கடிதம் மங்களூர் போய், அங்கிருந்த நண்பன் இங்கே கொண்டுவந்து கொடுத்தான். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். மாமா கொம்பு சீவிய கதையை இங்கே எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். பாவம், அவரைச் சாப்பிடச் சொல். எனக்குக் கோபமெல்லாம் ஒன்றும் இல்லை. போனது போகட்டும் விடு. எல்லாம் நன்மைக்கே.

மைதீன் பிச்சையிடம் கடையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல். பாவம், அவரும் எத்தனை நாள் காத்திருப்பார்? முதல் இல்லாமல் நாம் என்ன கடை வைப்பது? அடுத்த வருடம் பார்க்கலாம்.

இங்கே கடற்கரையில் ஒரு பெரிய ஹோட்டல். மழை முடிந்ததும் சீசன். மே மாதம் வரை வாசிக்கக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தங்க இடம், மீன் சாப்பாடு எல்லாம் உண்டு. பின்னால் விலாசம் இருக்கிறது, இந்த முறை மாறாது. நீ உடம்பைப் பார்த்துக்கொள். கண்ணைக் கெடுத்துக்கொண்டு தைக்காதே.

உன்,
சேதுபதி

•

திண்டுக்கல்,
19.8.2024

அன்புள்ள சேதுபதி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் போன திங்கட்கிழமை வந்தது. பெங்களூர்க்காரர் அதற்கு இரண்டு நாள் முன்பே நேரில் வந்து போய்விட்டார்.

கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து, கழுத்தைத் தடவிப் பார்த்தார். அப்பா சுவரோரம் கைகட்டி நின்றார். பிறகு பெங்களூர்க்காரர் சொன்னார். முகம் போனது போனதுதானாம், அதில் விலை இறங்கிவிட்டதாம். ஆனால் உள்ளே இருக்கும் சீட்டு, எண், கழுத்து, மின்சார வேலைகள் எல்லாம் செய்த நாளில் இருந்தபடியே இருக்கிறதாம். முன்பு சொன்னதில் பாதிக்கு மேல் தருகிறேன், உங்கள் வீட்டுக்காரர் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடைக்கு அது போதும். புது ஆம்ப்ளிஃபயருக்குப் பதில் பழசு வாங்கினால் மிச்சம்கூட ஆகும்.

உடனே உங்களுக்குப் போன் செய்யப் போனேன். பிறகு, உங்கள் கடிதம் வரட்டும், நீங்கள் திட்டி முடித்த பிறகு இந்தச் சந்தோஷத்தைச் சொல்லலாம் என்று ஆசையாக வைத்திருந்தேன். அப்பா இரண்டு நாளும் தபால்காரருக்காக வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

குழம்பில் உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறவர் நீங்கள். கம்பி ஒன்று அறுந்ததற்கு மேடையிலேயே தபேலாக்காரரை அடிக்கப் போனவர். மூன்று வருடமாக நாம் எதை நம்பிக் காத்திருந்தோமோ அது கெட்டுப்போனது என்று எழுதினால், உங்களுக்குக் கோபம் வரவில்லை. பாதி விலைக்காவது போகுமா என்றுகூட நீங்கள் கேட்கவில்லை. உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். அதில் இருப்பது நிம்மதி. எனக்கு அழுகை வந்தது. அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்று மிஷினை ஓட்டிக்கொண்டே அழுதேன்.

உங்கள் மேல் பழி போட இதை எழுதவில்லை. நீங்கள் கெட்டவர் இல்லை. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர், அவ்வளவுதான். வரப் பிடிக்கவில்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்ல உங்களுக்கு மனம் வரவில்லை. அதனால் ஒரு ஜப்பான் கிட்டாரைச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நானும் அது என்ன என்று கண்டுபிடிக்க டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன்.

பெங்களூர்க்காரரிடம் விற்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அது உங்கள் பொருள். அதை விற்கவோ வைத்துக்கொள்ளவோ நான் யார்? இன்று காலை பழைய போர்வை இரண்டைச் சுற்றி, மரப்பெட்டி அடித்து, உங்கள் ஹோட்டல் விலாசத்துக்குப் பார்சலில் போட்டாகிவிட்டது. அப்பாதான் ஆணி அடித்தார். கடன் வாங்கிய கிட்டாரில் வாசிக்காதீர்கள். உங்கள் கைக்கு அதுதான் சரி.

மைதீன் பிச்சை அண்ணனிடம் பேசினேன். இரண்டு ஷட்டரில் ஒன்றை மட்டும், தையலுக்கு, எனக்குக் கொடுக்கிறார்.

இனி இந்த வீட்டில் உங்களுக்காக விற்க வேண்டிய பொருள் எதுவும் இல்லை. வருவதானால் வாருங்கள், கதவு திறந்துதான் இருக்கும். வராவிட்டால் அதற்குக் காரணம் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
மு. அன்புக்கரசி