பூ பார்க்க வந்தவர்கள்

பிப்ரவரி 3, 2026

இன்று எங்கள் பழைய தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையிலிருந்து பேய்களை ஒழித்தேன். பெங்களூரில் ஜப்பான் கம்பெனி ஒன்றில் வேலை செய்யும் என் அக்கா மகள் அக்ஷயா சொல்லித் தந்த முறை. வசந்தம் பிறப்பதற்கு முந்தின நாள் அங்கே வறுத்த சோயாவை வீசி, "பேயே வெளியே போ, அதிர்ஷ்டமே உள்ளே வா" என்று கத்துவார்களாம். பிறகு வயதுக்கு ஒன்று என்று எண்ணித் தின்ன வேண்டும். சோயாவுக்கு எங்கே போவது? என் பாத்திரக்கடை வாசலில் நின்று வேர்க்கடலையை வீசினேன். முதல் பிடி, குடம் வாங்க வந்த பாக்கியவதி அக்கா மேல்.

"இன்னா ஜம்பு, புத்தி கெட்டுப்போச்சா?"

"பேயை ஓட்டுறேன்க்கா."

திரும்பிப் போய்விட்டார். முறை பலிக்கிறது.

தின்னும்போது வயதை நாற்பதாகக் குறைத்துக்கொண்டேன். கடலையிடம்கூட உண்மை பேச வேண்டுமா என்ன?

பிப்ரவரி 8

அக்ஷயா இன்று மனசைத் திறந்தாள். தினமும் சாம்பியன் ஸ்டேஷனில் பெங்களூர் ரயிலேறி, அடுத்து கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறும் பரத் என்ற பையனுக்குப் பக்கத்து சீட்டில் பையை வைத்து இடம் பிடிக்கிறாளாம். இரண்டு வருஷமாக. அவன் தேங்க்ஸ் சொல்வதோடு சரி. இதற்கிடையில் என் அக்கா லதா ஒரு வேலூர் வரனைப் பார்த்து வைத்திருக்கிறாள். மார்ச் முதல் வாரம் பதில் சொல்லியாக வேண்டும்.

"நீயே கேட்டுடேன்மா."

"நான் இடம் பிடிச்சு வெச்சாச்சு மாமா. ஒக்கார வேண்டியது அவருதான். நீங்க போய் அவருகிட்ட எதுவும் அளக்காதீங்க. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். பரத்திடம் ஒரு சொல் சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி 9

சத்தியம் கனக்கிறது. ஊரோரம் மலையாய்க் கிடக்கும் சயனைடு மண்மேட்டைவிடக் கனம்.

பிப்ரவரி 20

அக்ஷயாவின் மேலதிகாரி ஹருகோ அம்மாளுக்கு ஊர் ஏக்கம். அங்கே செர்ரி பூக்கும் காலத்தில் மரத்தடியில் நீலத் தார்பாய் விரித்து, ஆபீஸே உட்கார்ந்து சாப்பிட்டுப் பூ பார்க்குமாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனை விடியற்காலையிலேயே அனுப்பி இடம் பிடிப்பார்கள். (இடம் பிடிப்பதில் அக்ஷயா பிறவி ஜப்பான்காரி.) நான் போனில் அம்மாளை அழைத்துவிட்டேன்: எங்கள் ஊரில் பத்தாயிரம் ரோஸ் நிறப் பூ மரங்கள், பின்னணியில் எங்கள் ஃபியூஜி மலை. மலை என்றது, தங்கம் எடுத்தபின் கொட்டிய சயனைடு மண்மேடு. மரம், ஒன்று. மார்ச் ஒன்றாம் தேதி வருகிறார்.

பிப்ரவரி 24

அக்ஷயா செர்ரி இலையில் சுற்றிய ஜப்பான் கொழுக்கட்டை கொண்டுவந்தாள். உப்பில் ஊறிய இலை. அதையும் சேர்த்தே தின்ன வேண்டும். வாய் நிறைய இலையோடு இருந்தபோது பாக்கியவதி அக்கா வந்து, வீட்டில் என்ன விசேஷம் என்றார். "அக்ஷயா ஆபீஸ்லேர்ந்து ஜப்பான்காரங்க பூ பார்க்க வராங்க" என்றேன். அவர் காதில் அது "பூ வைக்க வராங்க" என்று விழுந்தால், குற்றம் இலையுடையது. நிச்சயத்துக்கு முன்னால் பெண் தலையில் பூ வைக்கும் சடங்கு அவர் மனதில் வந்திருக்க வேண்டும். அவர் பரத்துக்குப் பெரியம்மா முறை என்பது அந்த நேரம் என் நினைவில் இல்லை. ஏறக்குறைய இல்லை.

பிப்ரவரி 26

ஜப்பான் மாப்பிள்ளைக்குச் சொந்தமாக ரயில் இருக்கிறதாம். பஜாரில் என்னிடமே சொல்கிறார்கள். இதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ரயிலோடு நிறுத்தியிருக்க மாட்டேன்.

இரவு. அக்ஷயா அழுத கண்ணோடு வந்தாள். பரத் இன்று உட்காரவே இல்லை. பங்காருப்பேட்டை வரைக்கும் கதவோரம் நின்றுவிட்டு, அங்கே வேறு பெட்டிக்குப் போய்விட்டானாம். பை மட்டும் சீட்டில்.

ஜம்பு, இன்னாடா பண்ணி வெச்சே? அவன் வேகமா வருவான்னு நெனச்சே. விலகிப் போறவனா இருந்தா? — தூக்கம் வரவில்லை.

மார்ச் 1

மரம் பாதி கொட்டிவிட்டது. தார்பாய் முழுக்க ரோஸ் நிறம். ஹருகோ அம்மாளுக்கு வருத்தமே இல்லை. உதிரும் பூவுக்கு அங்கே "பூப்புயல்" என்று தனிப் பெயராம். "மற்ற மரங்கள் எங்கே?" என்று இங்கிலீஷில் கேட்டார். "சண்டே, லீவு" என்றேன்.

அப்போது மண்மேட்டுப் பக்கமிருந்து கஞ்சி போட்ட சட்டையில் பரத். பின்னால் அவன் அம்மா, பாக்கியவதி அக்கா. சுரங்க ஷாஃப்ட்டில் ஆளிறக்கும் கேஜ் அறுந்து விழுகிறவன் முகம் அவனுக்கு.

"அந்த ஆளு எங்க?"

"எந்த ஆளு?" என்றாள் அக்ஷயா.

"பூ வைக்க வந்த ஆளு."

"பூ பார்க்க வந்திருக்காங்க. இவங்கதான்."

அறுபது வயது ஹருகோ அம்மாள் எழுந்து குனிந்து வணக்கம் சொன்னார். பரத் பதிலுக்கு இரண்டு முறை குனிந்தான். பிறகு அக்ஷயா பக்கத்தில் தார்பாய்மேல் இருந்த பையைப் பார்த்தான். எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"ரயில்ல ஏன் ஒக்காரலை?" என்றாள் அக்ஷயா.

"அங்க ரிசர்வ் ஆயிடுச்சுன்னு சொன்னாங்க. இன்னைக்கு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். எனக்கு... இந்த இடம் வேணும்."

தார்பாயில் பக்கத்தில் இருந்த என் அக்கா லதா என்னை ஒரு பார்வை பார்த்தாள். சாம்பலாகாமல் தப்பினேன். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தாள். "வேலூருக்கு நான் சொல்லிக்கிறேன்" என்றாள்.

ஹருகோ அம்மாள் பரிசாகக் கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்தார். உப்பிட்ட செர்ரிப் பூ. ஃபிளாஸ்க் வெந்நீரில் போட்டதும் மெல்ல விரிந்தது. அங்கே சம்பந்தம் பேசும் நாளில் டீ கொடுக்க மாட்டார்களாம், டீ கலங்கினால் சம்பந்தமும் கலங்கும் என்பதால். இந்தப் பூத்தண்ணீர்தான். "உப்பு வெந்நீர்" என்று முகம் சுளித்த பாக்கியவதி அக்கா இரண்டு தம்ளர் குடித்தார். பரத்தின் அம்மா, கையோடு கொண்டுவந்த மல்லிகையை அக்ஷயா தலையில் வைத்தார்.

"பூ வைக்கன்னுதானே சொன்னே, ஜம்பு?"

"ஆமாங்க்கா" என்றேன்.

மார்ச் 3

ஜப்பானில் இன்று பெண் குழந்தைகளின் பொம்மைத் திருநாள். சிவப்புத் துணி விரித்த படிகளில் அடுக்குவார்கள், நம்ம கொலு மாதிரியே. நாள் முடிந்ததும் எடுத்து வைக்காவிட்டால் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகுமாம். கடையில் இருந்த ஒரே பொம்மை, பால் விளம்பரக் குழந்தை. அதையும் பரண்மேல் ஏற்றிவிட்டேன்.

மார்ச் 19

யுகாதி. பரத்துக்கு வேப்பம்பூ இரண்டு கரண்டி, வெல்லம் ஒரு சிட்டிகை. ஜப்பானிலும் குளிர் முடிந்ததும் கசக்கும் மொட்டுகளைத் தேடித் தின்பார்கள், உடம்பு விழித்துக்கொள்ளுமாம். இவனுக்கு அதை இரண்டு வருஷம் முன்பே கொடுத்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே தின்றான்.

மார்ச் 23

காலையில் சாம்பியன் ஸ்டேஷன் வரை அக்ஷயாவோடு போனேன். கோரமண்டலில் ஏற வேண்டியவன் இங்கே பிளாட்ஃபாரத்தில் நின்றிருந்தான். பை அவள் தோளிலேயே இருந்தது.

பாக்கியவதி அக்காவிடம், பையன் தினமும் ஜப்பானிலிருந்து நடந்து வருகிறான் என்று சொல்லியிருக்கிறேன்.