திவ்யா கொண்டுபோன அகராதி

புதன்கிழமை, இரவு

திவ்யா நாளை வருவாளா என்ற யோசனையிலேயே தூக்கம் வரவில்லை. நாலாம் வகுப்புப் பிள்ளை. என் வீட்டு மாலை வகுப்பில் ஆங்கில அகராதி பார்க்கப் பழகுகிறாள்.

இன்று லார்ஜ், ஸ்மால், மீடியம் என்ற மூன்று சொற்களையும் ஆங்கிலத்தில் பலகையில் எழுதி, அகராதி வரிசைப்படி சொல்லச் சொன்னேன். திவ்யா துள்ளி எழுந்தாள். "ஸ்மால், மீடியம், லார்ஜுங்க டீச்சர்!"

"இதென்ன பனியன் கம்பெனியா புள்ள?" என்றான் பக்கத்துப் பையன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவள் அம்மா, கம்பெனிக்காக வீட்டிலேயே பிசிறு நூல் வெட்டிய பனியன்களைத் தினமும் அந்த வரிசையில்தான் அடுக்குகிறார். அதைப் பார்த்து வளர்கிற பிள்ளை வேறெப்படிச் சொல்லும்?

"கம்பெனில நீ சொன்னதுதான் கண்ணு சரி. அகராதி போட்டவங்க அளவப் பாக்காம, மொத எழுத்தப் பாத்து அடுக்கீட்டாங்க" என்றேன். அவள் முகம் தெளியவில்லை. வகுப்பு முடிந்ததும், "நாளைக்கு நான் வரலீங்க டீச்சர்" என்று பையை மாட்டினாள்.

நான் அகராதியை அந்தப் பைக்குள் வைத்தேன். "எக்ஸ்ட்ரா லார்ஜ்ல வர்ற எக்ஸ்ட்ராவ எங்க வெச்சிருக்காங்கன்னு ஊட்ல தேடிப் பாரு. எங்கிட்ட இது ஒண்ணுதான் கண்ணு இருக்குது. நீ கொண்டாந்தாத்தான் நாளைக்கு கிளாசு."

"அப்ப வந்துதானுங்க ஆகோணும்" என்று முறைத்தாள். பிறகு பையைக் கழற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

பீரோவில் இன்னும் மூன்று அகராதிகள் இருக்கின்றன. நாளை அவள் வருவதற்குள் மறக்காமல் பூட்டிவிட வேண்டும்.