பால் டம்ளரில் மழை

ஐப்பசி, செவ்வாய் இரவு.

சாயங்காலம் திடீரென்று மழை கொட்டியது. மலேசியாவில் தினமும் மழை பார்த்து வளர்ந்தவள் நான். பழக்கதோஷத்தில் ஓடிப்போய்த் துணிகளை எடுத்தேன், ஜன்னலைச் சாத்தினேன், வாசலில் இருந்த தண்ணீர் டிரம்மையும் மூடினேன்.

மாமியார் பதறிவிட்டார். "ஏத்தா, மூடாத! தெறந்து விடு!"

தண்ணீருக்குத் தவிக்கும் ஊர் இது; ரெட்டியபட்டியே குடமும் அண்டாவுமாக வெளியே நின்றது. கல்யாணமாகி வந்து நான்கு வருடமாகியும் எனக்கு அது தோன்றவில்லை.

இங்கேயே பிறந்த என் மகள், மூன்று வயதுகூட ஆகவில்லை, யாரும் சொல்லாமலே தன் பால் டம்ளரை மழையில் நீட்டிக்கொண்டு நின்றாள். நிரம்பியதும் இரண்டு கையாலும் பிடித்துச் சிந்தாமல் கொண்டுவந்தாள். "பத்திரமா வச்சுக்கம்மா."

மலேசியாவுக்கே போய்விடலாமா என்று இன்று என் கணவரிடம் கேட்பதாக இருந்தேன். கேட்கவில்லை. டம்ளரைத் தட்டு போட்டு மூடி வைத்திருக்கிறேன்.