உட்காரப் பிடித்தவள்

மார்ச் 4, செவ்வாய்

என் வீட்டுக்காரர் இன்றும் விடிவதற்குள் பூங்காவுக்கு நடக்கக் கிளம்பிவிட்டார். ஷூ நாடாவை முடிந்துகொண்டே, "வர்றியா?" என்று ஒரு கேள்வி. கடமைக்கு. "வரல" என்று ஒரு பதில். அதுவும் கடமைக்கு.

போன வருஷம் வரைக்கும் சாயங்காலமானால் சோபாவின் அந்தக் கோடியில் அவர், இந்தக் கோடியில் நான், நடுவில் சீட்டுக்கட்டு. "ரிட்டயர் ஆனதும் இப்படியே உட்கார்ந்து உட்கார்ந்து கிழவன் கிழவி ஆயிடுவோம்" என்று சொன்னதே அவர்தான். டாக்டர் ஒரு தடவை பிரஷர் என்று மிரட்டினார். மனுஷன் கட்சி மாறிவிட்டார்.

மார்ச் 9, ஞாயிறு

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டுத் தட்டச்சு செய்வதுதான் என் பிழைப்பு. காதில் ஹெட்போன், காலடியில் சின்ன ஸ்டூல், ஜன்னலில் திரை. இன்று வந்த பதிவில் ஒருவருக்கு முழங்கால் தேய்ந்து போயிருக்கிறது. காரணம், ஓட்டம். வாய்விட்டுச் சிரித்தேன். அவரிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"உனக்கு எதுதான் சந்தோஷம்?" என்றார்.

இதுதான். இந்த அறை, இந்த நாற்காலி, வெயில் படாத மத்தியானம். இதைச் சொன்னால் ஏன் யாருக்கும் காதில் ஏறுவதில்லை? பாட்டுப் பிடிக்கும் என்றால் சரி என்கிறார்கள். உட்காரப் பிடிக்கும் என்றால் உடம்புக்கு என்ன என்று கேட்கிறார்கள்.

மார்ச் 20, வியாழன்

பாண்ட் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டதாம். தையல்காரரிடம் கொடுத்து இடுப்பைச் சின்னதாக்கிக்கொண்டு வந்தார். கண்ணாடி முன்னால் நின்று பக்கவாட்டில் பார்த்துக்கொள்கிறார், கல்யாண மாப்பிள்ளை மாதிரி. நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

அவர் குளித்துக்கொண்டிருந்தார். அழைப்புமணி. திறந்தால், அவரோடு பூங்காவில் நடக்கும் மருந்துக்கடைக்கார அம்மா. அவர் பேச்சில்தான் தெரியும், நேரில் பார்ப்பது இன்றுதான். கையில் ஒரு பை ஆப்பிள். என்னைப் பார்த்ததும் பதறிப் போனாள்.

"ஐயோ, நீங்களா எழுந்து வந்தீங்க? சார் இல்லையா வீட்ல? மெதுவா, மெதுவா... என் கையப் பிடிச்சுக்குங்கக்கா."

அவளாகவே என் முழங்கையைப் பிடித்து, என் வீட்டுக் கூடத்தில் என்னை நடத்திக்கொண்டு போய், என் சோபாவிலேயே உட்கார வைத்தாள். "படுத்த படுக்கைன்னு சார் சொன்னாரு. தேவலையே, நல்லா இருக்கீங்களே!"

படுத்த படுக்கை.

நான் மறுக்கவில்லை. ஏன்? அவளுக்கு எதிரில் அவர் மானத்தைக் காப்பாற்றினேனா? இல்லை. வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

அவள் போனபிறகு கேட்டேன். தலையைத் துவட்டிக்கொண்டே நின்றார். துண்டை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை.

"என்ன சொல்லச் சொல்ற? எல்லாரும் ஜோடியா வர்றாங்க. உங்க வீட்டம்மா எங்கன்னு தினம் கேக்கறாங்க. வரப் பிடிக்கலன்னு சொன்னா சிரிப்பாங்க. முடியலன்னு சொன்னா அதோட விட்டுடுவாங்க."

"அதுக்கு என்னைச் சாகக் கிடக்கறவளாக்குவீங்களா?"

"சாகக் கிடக்கறான்னு நான் சொல்லல."

இருபத்தாறு வருஷம் ஒரே கூரைக்கடியில்.

ஏப்ரல் 7, திங்கள்

ஆப்பிளைத் தொடவில்லை.

ஏப்ரல் 12, சனி

போனேன். எல்லார் எதிரிலும் போய் நின்று, இதோ பாருங்க, கல்லு மாதிரி இருக்கேன் என்று காட்டிவிட்டு வரத்தான் போனேன். இஸ்திரி போட்ட புடவை, செருப்பு. பூங்கா என்ன பெரிய தூரம், இரண்டு தெரு. இரண்டாவது தெருவிலேயே மூச்சு முட்ட ஆரம்பித்துவிட்டது. கேட்டுக்குள் நுழையும்போது கண் இருட்டியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேச வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

மருந்துக்கடைக்காரிதான் முதலில் பார்த்தாள். "சாரோட வீட்டம்மா! நடந்தே வந்துட்டாங்க!"

ஓடி வந்தார்கள். ஒருவர் தண்ணீர் கொடுத்தார். ஒருவர் விசிறினார். "என்ன மனோதிடம் பாருங்க" என்றார் யாரோ.

கைதட்டினார்கள். எனக்கு. இரண்டு தெரு நடந்ததற்கு.

அவரும் தட்டினார். என் கண்ணைப் பார்க்காமல், கடைசியில் நின்று, மெல்லத் தட்டினார்.

ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் வெளிப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன பொய்யை என் உடம்பே நிஜமாக்கிவிட்டது. யார்மேல் கோபப்படுவது?

ஏப்ரல் 13, ஞாயிறு

தொடை இரண்டும் விண்விண் என்று தெறிக்கிறது.

ஏப்ரல் 24, வியாழன்

அவர் கடைவீதிக்குப் போன நேரம். மருந்துக்கடைக்காரி மறுபடியும் வந்தாள். பிடித்துக்கொண்டு நடக்கிற இரும்புச் சட்டம் ஒன்று கையில். அவள் மாமனார் இருந்தவரை உபயோகித்ததாம். "உங்களுக்குன்னு துடைச்சு எடுத்துட்டு வந்தேன்" என்றாள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. எந்த நோயும் இல்ல. வெளிய வரப் பிடிக்காது, நடக்கப் பிடிக்காது. அவ்வளவுதான்."

அவள் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டம். சட்டத்தை மடக்கித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அவரு அழுதாரேக்கா" என்றாள். "நாங்க எல்லாம் அவங்கவங்க வீட்டுக்காரரோட நடக்கறதப் பாத்து, இவளுக்கு வர முடியலையேன்னு அழுதாரு. அதுவும் நடிப்பா?"

எனக்குத் தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. என் எதிரில் அவர் ஒரு நாளும் அழுததில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

விஷயம் பூங்கா முழுக்கப் பரவிவிட்டது. அவர் போன வேகத்தில் திரும்பி வந்தார். நடந்த வியர்வை கூட இல்லை.

"நிம்மதியா?" என்றார்.

"பொய் சொன்னது நீங்க."

"ஆமா" என்றார். ஷூவைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

மே 11, ஞாயிறு

அவர் நடக்கப் போகவில்லை. இன்றும். வேறு பக்கமாவது நடக்கலாமே, ஊரில் தெருவே இல்லையா? நான் கேட்கவில்லை. நான் ஏன் கேட்க வேண்டும்?

ஜூன் 17, செவ்வாய்

டாக்டரிடம் பிரஷர் பார்க்கப் போக வேண்டிய நாள். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று படுத்துவிட்டார்.

ஜூலை 2, புதன்

சாயங்காலம் வேலையை முடித்துவிட்டு வந்தேன். சோபாவில் அவர். டிவி ஓடுகிறது, பார்க்கவில்லை. தொப்பை மறுபடி போட்டுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு என் வாயிலிருந்தே வந்தது, எனக்கே ஆச்சரியம்: "கொஞ்சம் வெளிய போய் நடந்துட்டு வாங்களேன்."

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வீட்லயே இருக்கேன். அதுதானே உனக்கு வேணும்?"

அதுதான் வேண்டியிருந்தது. எழுந்து என் அறைக்கு வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். முடிக்க வேண்டிய பதிவு ஒன்றும் இல்லை.