கலெக்டர் கூண்டுக்கு ஒன்பது விரிப்பு

என் வசந்தாவுக்கு,

இருபத்து நான்கு வருஷம் ஒரே வீட்டில் சண்டை போட்டோம். ஒருநாளும் உன்னை ‘என்’ என்று சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது சொன்னால் முறைக்க ஆளில்லை என்பதால் சொல்கிறேன். உன் அண்ணன் சௌக்கியம். திருமுல்லைவாயில் ஸ்டேஷன் ரோட்டை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். நான்தான் ரொம்பக் களைத்துப் போயிருக்கிறேன்.

நீ கேட்க விரும்பாத செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் கலெக்டரைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். காட்டுப்பாக்கத்தில் ஒரு குடும்பம், ஏற்கெனவே அவனைப் போலவே இரண்டு காக்கடீல் கிளி வளர்க்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை வந்து கூண்டோடு எடுத்துப்போவதாகப் பேச்சு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான். “கலெக்டர யாருக்கும் குட்த்துடாதீங்க அண்ணி.” நானும் சரி என்று தலையாட்டினேன். அதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் முடியவில்லை, என்ன செய்ய?

நமக்குள் முதல் சண்டை எதற்கு என்று நினைவிருக்கிறதா? என் கல்யாணத்தில் உன் அண்ணன் ஒரு முடிச்சுப் போட, மற்ற இரண்டு முடிச்சையும் நாத்தனாராக நீ போட்டாய். அதற்காக என் அம்மா உனக்கு எடுத்துக்கொடுத்த பச்சைப் புடவையை எல்லார் முன்னாலும் விரித்துப் பார்த்து, “இன்னா இது, கொசுவலையா?” என்று கேட்டாய். அதை நீ கட்டவே இல்லை. கேட்டதற்கு, “பாத்திரக்காரனுக்குப் போட்டுட்டேன், ஒரு டப்பாகூட தேறல” என்றாய். என் அம்மா சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

அது கிடக்கட்டும். கலெக்டர் விஷயத்துக்கு வருகிறேன். எல்லாம் பேப்பரில்தான் ஆரம்பித்தது. நீ போன மாதமே உன் அண்ணன் பேப்பரை நிறுத்திவிட்டார். “நா போன்ல பாத்துக்கிறேன். இனிமே யாரு ஒக்காந்து படிக்கப்போறா?” என்றார். கட்டிலுக்கடியில் நீ அடுக்கி வைத்திருந்ததையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டாயிற்று. மறுநாள் காலை கூண்டுத் தட்டை இழுத்தபோதுதான் உறைத்தது. அடியில் விரிக்க வீட்டில் ஒரு தாள் இல்லை. நீ படித்து முடித்த பேப்பர்தான் மறுநாள் கலெக்டருக்குப் போகும் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை பார்.

துணி விரித்தால் துவைத்துத் துவைத்துப் போடலாம் என்று நினைத்தேன். உன் பதினாறாம் நாள் காரியத்தில் உறவுக்காரர்கள் உன் அண்ணன் தோளில் போட்ட டர்க்கி துண்டுகள் பீரோவில் கிடந்தன. அவருக்கு அவற்றை எடுத்துத் துவட்டிக்கொள்ள மனசில்லை. யாருக்காவது கொடுக்கவும் சங்கடம். இரண்டை வெட்டித் தட்டில் விரித்தேன். மூன்றாம் நாள் காலை ஒரே அலறல். துண்டின் கண்ணியில் கலெக்டரின் நகம் மாட்டிக்கொண்டு, இறக்கையை அடித்தபடி சாய்ந்து கிடந்தான். கால்விரலில் ரத்தம். கத்தரிக்கோலால் நூலை வெட்டி எடுப்பதற்குள் என் உயிர் போய் வந்தது. அன்று வாய்விட்டு அழுதேன் வசந்தா. நீ போன அன்றுகூட அப்படி அழவில்லை.

ஆவடியில் பறவை பார்க்கிற டாக்டரிடம் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். “யாரும்மா டர்க்கி துண்டு போட்டது? கண்ணி கீற துணியே ஆவாது. நூலு தொங்கக்கூடாது. வாசன லிக்விட் ஊத்தித் தோய்ச்சிடாதீங்க, இதுங்களுக்கு மூச்சு முட்டிப்பூடும்” என்றார். உன் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

எக்ஸ்போர்ட் கம்பெனியில் நாள் முழுக்கச் சட்டைக் காலர் தைக்கிறவள் நான். வீட்டில் மெஷினைப் பார்த்தாலே இடுப்பு வலிக்கும். அப்படிப்பட்டவள் டேப் எடுத்து உன் கலெக்டரின் தட்டை அளந்தேன். மேலும் கீழும் பிளானல், நடுவில் பழைய வேட்டி இரண்டு மடிப்பு. ஓரத்தை உள்ளே திருப்பி, ஒரு நூல்கூட வெளியே தெரியாமல் பொடித் தையல். உள்துணி சுருண்டுகொள்ளாமலிருக்கக் குறுக்கும் நெடுக்கும் கட்டம் ஓட்டினேன். நான்கு மூலைக்கும் எலாஸ்டிக் வைத்தேன், அதை ஒரே காலையில் கடித்துத் துப்பினான். பிறகு தட்டுக்கு அடியில் மடித்துச் செருகும்படி நீளம் விட்டுத் தைத்தேன். மொத்தம் ஒன்பது விரிப்பு. தலைக்கொண்டையைத் தூக்கிக்கொண்டு அதிகாரமாகப் பார்க்கிறான் என்றுதானே கலெக்டர் என்று பெயர் வைத்தாய்? அதே பார்வை பார்த்துவிட்டு, என் கட்டைவிரலில் ஒரு கொத்து கொத்தினான்.

தைத்தது பெரிதில்லை, துவைப்பதுதான் ஆளைக் கொல்கிறது. தினம் ஒன்றை உருவி, காய்ந்ததைச் சுரண்டி உதறி, வெந்நீரில் கொஞ்சம் வினிகர் விட்டு ஊறவைத்து, நம் துணிகளோடு சேர்க்காமல் தனியாக அலச வேண்டும். கார்த்திகை மழையில் எது காய்கிறது? மாடிக் கொடியில் சதுரம் சதுரமாகத் தொங்குவதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு மேரியக்கா, “இன்னா கஸ்தூரி, ஊட்ல கொயந்த கீதா? சொல்லவே இல்ல!” என்றார். “ஆமாக்கா, கொண்ட வெச்ச கொயந்த” என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பெனி, சமையல், உன் அண்ணனின் சர்க்கரை மாத்திரை, இதற்கு மேல் இது வேறா என்று ஆத்திரமாக வந்தது. அன்று சாயங்காலம்தான் காட்டுப்பாக்கத்துக்குப் போன் செய்தேன்.

கொடுப்பதைச் சுத்தமாகக் கொடுப்போம் என்று விரிப்பையெல்லாம் மடித்து வைத்தேன். சாயங்காலத்தில் கூண்டின் மேல் நீ போர்த்துவாயே, அந்த உறைதான் பாக்கி. பழைய பெட்ஷீட்டை இரண்டாக மடித்து, சாக்கு தைப்பதுபோல் கோணல் கோணலாக நீயே தைத்தது. உனக்குத்தான் தையல் வராதே. வாளியில் முக்கிக் கசக்கியதும் பிரிந்துகொண்டது. உள்ளே இன்னொரு துணி இருந்தது. இலைப்பச்சையில் அரக்குக் கரை. எனக்கா அடையாளம் தெரியாது?

ஈரக்கையோடு அப்படியே நின்றேன். உன் அண்ணன் எட்டிப் பார்த்தார். “ஒங்கம்மா எட்த்த பொடவதானே?”

“ஒங்களுக்குத் தெரியுமா?”

“பத்து வருசமா தெரியும். அண்ணிகிட்ட சொன்ன, அவ்ளோதான்னு மெரட்டி வெச்சிருந்தா.”

எதற்கு ஒளித்தாய் வசந்தா? என் அம்மா எடுத்த புடவையைப் பறவைக்கா போர்த்துகிறாய் என்று நான் குதிப்பேன் என்றா? இல்லை, பத்திரமாக வைத்திருந்தது எனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்றா?

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வேறொரு பெட்ஷீட்டைப் போர்த்திப் பார்த்தேன். கலெக்டர் கூண்டெல்லாம் மோதிப் படபடத்தான். கடைசியில் அந்தப் புடவையை அயர்ன் பண்ணிக் காயவைத்து மூடினேன். கொண்டை மெல்லப் படிந்தது. கொஞ்ச நேரத்தில் தூக்கம் வரும்போது அலகைத் தேய்ப்பானே, அந்த நறநற சத்தம் கேட்டது. கூண்டுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ இல்லாதது அப்போதுதான் எனக்கு முழுசாகத் தெரிந்தது.

மறுநாள் காலை காட்டுப்பாக்கத்துக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தம்மாவுக்குக் கோபம். கோபப்பட்டுக்கொள்ளட்டும்.

கலெக்டர் இருக்கிறவரைக்கும் இந்த வீட்டில்தான் இருப்பான். தினம் ஒரு விரிப்பு, துவைத்துக் காய்ந்தது, அவனுக்கு உண்டு. அலுத்துக்கொண்டேதான் செய்வேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிரிந்த உறையை மறுபடி தைத்துவிட்டேன், பொடித் தையலில். இந்த முறை பச்சையை வெளிப்பக்கம் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நீ இரண்டு முடிச்சுப் போட்டுக் கூட்டிவந்த
உன் அண்ணி கஸ்தூரி