சின்னப்பொண்ணு அக்கா தூங்கவே இல்லை

பிப்ரவரி 4, செவ்வாய்

வெள்ளிக்கிழமை படம் வருகிறது. எங்கள் ஓவியக் கல்லூரியிலேயே எடுத்த படம். எடுத்தவர் இங்கே படித்த தமிழ்வாணன் அண்ணா. போன வருடம் கேண்டீனில் உட்காரவைத்து என்னிடம் கல்லூரிக் கதையெல்லாம் கேட்டார். நானும் உளறிக் கொட்டினேன். அடுத்த படத்தில் என்னைக் கலை உதவியாளராகச் சேர்த்துக்கொள்கிறாராம். கூடுவாஞ்சேரியில் அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

பிப்ரவரி 7, வெள்ளி

செங்கல்பட்டில் வகுப்பே போய்ப் பார்த்தோம்.

டார்க் காமெடியாம். இருட்டு இருந்தது. காமெடி எங்கே? ஓவியம் படிக்கிறவன் எல்லாம் தாடி, கஞ்சா, கிறுக்கு. படம் முடியும்வரை ஒருத்தன்கூடப் பென்சில் சீவவில்லை.

அதுகூடப் போகட்டும். மாணவர்கள் பார்த்து வரைவதற்காக உட்காரும் ஓர் அம்மா வருகிறாள். உட்கார்ந்தபடியே குறட்டை விடுகிறாள். ஒரு நாள் உட்கார்ந்தபடியே செத்தும் போகிறாள். இரண்டு நாள் யாரும் கவனிக்காமல் வரைந்துகொண்டே இருக்கிறார்கள். தியேட்டரே சிரித்தது.

அது எங்கள் சின்னப்பொண்ணு அக்கா. ஆறு வருடமாக எங்கள் கல்லூரியில் வரைவதற்கு உட்காருகிறவர். போன ஏப்ரல் வெயிலில் நாற்காலியிலேயே மயங்கிவிட்டார். பத்து நிமிடம் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இதை அண்ணாவிடம் சொன்னது யார்? நான்தானே. நானேதான்.

பிப்ரவரி 10, திங்கள்

அக்கா வரவில்லை. ராகவன் சார் ஒரு பூசணிக்காயை வைத்து வரையச் சொன்னார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

அக்காவைப் பார்க்க நெம்மேலிக்குப் போனேன். அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“நான்தான்க்கா சொன்னேன். நீங்க மயக்கம் போட்டத.”

“தெரியும். உன்ன வுட்டா எவ அவ்ளோ பேசுவா?”

ஒரு புடவையைப் பிழிந்து உதறினார்.

“சாவடிச்சான், சரி. சினிமால அல்லாரும்தான் சாவறாங்கோ. குறட்டை இன்னாத்துக்கு வுடவெச்சான்? நான் என்னிக்காச்சும் தூங்கிகீறனா, சொல்லு? கொசு கடிச்சாலும் அசையாம குந்திகினு இருந்தவ நானு. இப்போ தெருவுல போனா கொர்ர்ருனு சத்தம் வுடறானுங்கோ.”

மன்னிப்புக் கேட்டேன். “எங்கிட்ட கேட்டு இன்னா ஆவும்?” என்றார்.

பிப்ரவரி 13, வியாழன்

அண்ணாவிடமிருந்து மெசேஜ். ‘உன் வேலை உறுதி. புதன்கிழமை காலேஜ்ல எனக்குப் பாராட்டு விழா. நீ ரெண்டு வார்த்தை பேசு.’

பேசறேன். நல்லாவே பேசறேன். அக்காவுக்கும் போன் செய்து வரச் சொன்னேன். “வேல கெடக்கு,” என்று வைத்துவிட்டார்.

பிப்ரவரி 19, புதன்

விழாவில் மேடை ஏறினேன். பேசிவிட்டேன்.

“மயங்கினவங்கள கவனிக்காதது எங்க தப்பு. அதுக்காக எங்களக் கேலி பண்ணியிருந்தா கைதட்டியிருப்பேன். நீங்க அவங்களக் கேலி பண்ணீங்க. படம் நல்லால்லண்ணா.”

அண்ணா சிரித்தார். “காமெடிம்மா இது. சும்மா உக்கார்றதுல என்ன பெரிய...”

“அப்போ நீ குந்து நைனா.”

கடைசி வரிசையிலிருந்து அக்கா! விறுவிறுவென்று மேடையேறி ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டார். “இருவது நிமிசம். அசையாத.”

அண்ணா சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். மூன்றாவது நிமிடம் மூக்கைச் சொறிந்தார். அப்புறம் முதுகை நெளித்தார். நாங்கள் ஒருவரும் சிரிக்கவில்லை; நோட்டை எடுத்து அவரை வரைய ஆரம்பித்திருந்தோம். சட்டென்று எழுந்துவிட்டார்.

“ஆறு நிமிசம்,” என்றார் அக்கா. இறங்கிப் போய்விட்டார்.

பிப்ரவரி 20, வியாழன்

வேலை போச்சு. தெருவுக்கு என்ன சொல்வது என்று அம்மா திட்டுகிறாள். போகட்டும். நான் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப வாங்க மாட்டேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

தியேட்டரிலிருந்து படத்தைத் தூக்கிவிட்டார்கள். குறட்டைக் காட்சி மட்டும் இன்னும் போன் போனாகச் சுற்றுகிறது.

மார்ச் 12, புதன்

இந்தத் திங்கள் முதல் அக்கா மறுபடி வகுப்புக்கு வருகிறார். ராகவன் சாரிடம் கறாராகப் பேசிவிட்டுத்தான் வந்தார்: இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துவிடுவார், யாரையும் கேட்க மாட்டார்.

இன்று எழுந்தவர், இத்தனை வருடத்தில் முதல்முறையாக எங்கள் பலகைகளைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்தார். என் பின்னால் நின்றார்.

“யார் மூக்கு இது?”

“உங்களுதுதான்க்கா.”

“எம்மூக்கு பெருசு. பயப்படாம போடு.”

அழித்துவிட்டுப் பெரிதாகப் போட்டேன்.